'டேயஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்': பதுங்கி ஆடுங்கள், பாஸுக்குத் தனியாகச் சேர்த்து வையுங்கள்

'டேயஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' 2011 ஆகஸ்டில் வந்தது. ஐடோஸ் மாண்ட்ரியல் ஸ்டூடியோ உருவாக்கிய இந்தக் கேமை ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்டது. கதை நடப்பது 2027இல். மனிதர்கள் தங்கள் உறுப்புகளுக்குப் பதிலாக இயந்திர உறுப்புகளைப் பொருத்திக்கொள்ளும் காலம். அத்தகைய உறுப்புகளைத் தயாரிக்கும் சாரிஃப் இண்டஸ்ட்ரீஸ் டெட்ராய்டில் இருக்கிறது. அதன் பாதுகாப்புத் தலைவர் ஆடம் ஜென்சன்தான் நீங்கள். நிறுவனத்தின் மீது நடக்கும் தாக்குதலில் குற்றுயிராகக் கிடந்து பிழைத்து எழும்போது, கைகால் முதல் கண்வரை மாற்றப்பட்டிருக்கும். யாரும் அவரிடம் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

விமர்சகர்கள் கேமைக் கொண்டாடினார்கள். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பிசி பதிப்பு 90ஐத் தொட்டது. ஆனால் கொண்டாடியவர்களே ஏறக்குறைய ஒரே குரலில் திட்டிய விஷயம் ஒன்று உண்டு: பாஸ் சண்டைகள், அதாவது தாண்டியே ஆக வேண்டிய முக்கிய எதிரிகளோடு நேருக்கு நேர் மோதும் இடங்கள். புதிதாக ஆடுபவர் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கேமின் பெரும்பகுதி பதுங்குபவருக்கே அள்ளிக் கொடுக்கிறது. மூன்று நான்கு அறைகளில் மட்டும் திடீரென்று சண்டைக்காரரைத் தேடுகிறது. இது தெரியாமல் உள்ளே போகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

எந்தப் பதிப்பு?

2013 அக்டோபரில் வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பை எடுங்கள். பாஸ் அறைகளை மாற்றி அமைத்திருக்கிறார்கள்: ஹேக் செய்ய டெர்மினல்கள், உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளக் கூடிய டரட்டுகள் எனும் தானியங்கித் துப்பாக்கிகள், ஊர்ந்து போக வழிகள் எல்லாம் அதில் உண்டு. முதலில் தனியாக விற்ற 'தி மிஸ்ஸிங் லிங்க்' அத்தியாயமும் கதையின் நடுவிலேயே தைக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை முடித்தபின் அதே திறன்களோடு மறுபடி தொடங்கும் நியூ கேம் பிளஸ் வசதியும் இருக்கிறது.

குறையும் உண்டு. பழைய பதிப்பின் அடையாளமே கறுப்பும் பொன்னுமாகத் திரை முழுவதும் படர்ந்திருக்கும் அந்த நிறம்தான். டைரக்டர்ஸ் கட்டில் அதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். பொன் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ரசிகர்கள் செய்த மாட், அதாவது கேமை மாற்றும் கூடுதல் கோப்பு, பிசிக்கு இருக்கிறது. முதல்முறை ஆடும்போதே அதைப் போட்டுக்கொண்டு ஆடினால் நல்லது என்பது எங்கள் கட்சி. இந்த ஓவிய பாணி இல்லாத ஹியூமன் ரெவல்யூஷன் பாதி கேம்தான்.

பழைய பதிப்புதான் கையில் இருக்கிறதா? தாராளமாக ஆடலாம். கீழே பாஸ்களைப் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

கடினநிலை மூன்று: டெல் மீ எ ஸ்டோரி, கிவ் மீ எ சேலஞ்ச், கிவ் மீ டேயஸ் எக்ஸ். நடுவில் இருப்பதை எடுங்கள். மேல்நிலையில் சில குண்டுகளிலேயே உயிர் போய்விடும். பதுங்கி ஆடுபவருக்கு அது பெரிய தொல்லை இல்லை என்றாலும் முதல் பாஸ் அங்கே உயிரை எடுத்துவிடும்.

அமைப்புகளில் பொருள்களைச் சுற்றி மஞ்சள் கோடு காட்டும் ஹைலைட் இருக்கிறது. கேம் வந்தபோது பழைய ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, அணைத்துவிடலாம். முதல்முறை ஆடுபவர் அணைக்காமல் இருப்பதே மேல். உடைக்கக் கூடிய சுவர், நகர்த்தக் கூடிய பெட்டி, திறக்கக் கூடிய காற்றுக்குழாய் மூன்றையும் அந்தக் கோடு இல்லாமல் கண்டுபிடிப்பது கண்ணுக்கு வேலை.

சேவ் விஷயத்தில் ஒரே ஒரு விதி. குவிக் சேவை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு புதிய கட்டடத்துக்குள் நுழையும் முன்பும் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தவறான முடிவின் விலை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும் இடங்கள் இந்தக் கேமில் உண்டு.

முதல் மிஷன்: இங்கே ஊர் சுற்றாதீர்கள்

தொடக்கக் காட்சியில் ஜென்சனுக்கு இன்னும் இயந்திர உறுப்புகள் கிடையாது. கையில் துப்பாக்கி மட்டும். இந்த இடத்தைக் கவர், அதாவது மறைவில் ஒட்டி நிற்பது, பழகுவதற்குப் பயன்படுத்துங்கள். சுவரிலோ பெட்டியிலோ ஒட்டிக்கொண்டதும் கேமரா பின்னால் விலகி, ஜென்சனின் முழு உருவமும் தெரியும். மூலையைத் தாண்டி எட்டிப் பார்க்காமலேயே எதிரி எங்கே திரும்புகிறான் என்று இப்படித்தான் பார்க்கப் போகிறீர்கள். ஒரு மறைவிலிருந்து அடுத்ததற்கு உருண்டு தாவுவதையும் இங்கேயே விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.

ஆறு மாதம் கழித்து ஜென்சன் வேலைக்குத் திரும்புகிறார். ஆலையில் பணயக்கைதிகள் இருக்கிறார்கள், உடனே ஹெலிபேடுக்கு வா என்று அழைப்பு வரும். மற்ற கேம்களில் இப்படிச் சொன்னாலும் நாம் நிதானமாக ஒவ்வொரு அறையையும் துழாவிவிட்டுப் போவோம், கேமும் காத்திருக்கும். இது காத்திருக்காது. சாரிஃப் அலுவலகத்தில் மேசை மேசையாகக் கணினிகளைத் திறந்து மின்னஞ்சல் படித்துக்கொண்டு நின்றால், நீங்கள் போய்ச் சேரும் முன்பே கைதிகள் இறந்துபோயிருப்பார்கள். பிறகு ஆளாளுக்கு உங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியும் காட்டுவார்கள். அலுவலகத்தைத் துழாவ மிஷன் முடிந்து திரும்பியபின் நிறைய நேரம் இருக்கிறது.

விமானத்தில் நிறுவன முதலாளி சாரிஃப் இரண்டு கேள்வி கேட்பார்: கொல்லும் ஆயுதமா கொல்லாததா, அருகிலிருந்தா தூரத்திலிருந்தா. கொல்லாதது, தூரத்திலிருந்து என்று சொன்னால் மயக்க ஊசி ரைஃபிள் கிடைக்கும். அதை வாங்குங்கள். ஊசி உடம்பில் பட்டால் ஆள் விழுவதற்குச் சில விநாடி ஆகும். அதற்குள் அவன் உஷாராகிவிடக் கூடும். தலையில் பட்டால் அப்போதே விழுவான். ஆகவே தலைக்குக் குறிவைக்க முடியாத கோணத்தில் நின்று சுடாதீர்கள், நகர்ந்து வாருங்கள்.

புள்ளிக் கணக்கு

எந்தப் பாணியில் வேண்டுமானாலும் ஆடலாம் என்றுதான் விளம்பரம். புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் கேமுக்கு எது பிடிக்கும் என்பது தெரிந்துவிடும். பக்கத்தில் போய் ஒருவரை டேக்டவுன் செய்து மயக்கினால் 50 புள்ளி, அதே டேக்டவுனில் கொன்றால் 30. துப்பாக்கியால் சுட்டுக் கொன்றால் அதைவிடக் குறைவு. ஒரு பகுதியை யார் கண்ணிலும் படாமல் கடந்தால் கோஸ்ட் என்று 500. அலாரம் எதுவும் அடிக்காமல் முடித்தால் ஸ்மூத் ஆபரேட்டர் என்று 250. பூட்டை ஹேக் செய்து திறந்தால் புள்ளி உண்டு, எண்ணை அழுத்தித் திறந்தால் கிடையாது. ஆகவே கதவின் கடவு எண் உங்கள் பையில் இருந்தாலும், நேரமிருந்தால் ஹேக் செய்தே திறங்கள். சில மின்னூல்களைப் படித்தாலும் கணிசமான புள்ளி விழும். மேசைமேல் கிடப்பதைத் தாண்டிப் போகாதீர்கள்.

5000 புள்ளி சேர்ந்தால் ஒரு பிராக்சிஸ். உடல் மேம்பாடுகளைத் திறப்பது இந்தப் பிராக்சிஸை வைத்துத்தான். லிம்ப் மருத்துவமனைகளில் 5000 கிரெடிட் கொடுத்துப் பிராக்சிஸ் கிட்டாகவும் வாங்கலாம். இருப்பு சொற்பம் என்பதால், ஒரு நகரத்துக்குப் போனதும் ஆயுத வியாபாரியிடம் போகும் முன் லிம்புக்குப் போங்கள். தோட்டா தரையிலேயே கிடக்கும். பிராக்சிஸ் அப்படிக் கிடப்பது அபூர்வம்.

பிராக்சிஸை எதில் போடுவது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பட்டியலில் கண்ணைப் பறிப்பவை கண்ணுக்குத் தெரியாமல் மறையும் க்ளோக்கிங்கும் கவசமும்தான். க்ளோக்கிங்கின் முதல் நிலை மூன்று விநாடிதான் தாங்கும், அதற்குள் எனர்ஜியையும் குடித்துவிடும். தொடக்கத்தில் அது வெறும் ஆடம்பரம். நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது:

1. ஹேக்கிங் கேப்சர், இரண்டாம் நிலை, பிறகு மூன்றாம் நிலை. பூட்டுகளுக்கு ஒன்று முதல் ஐந்துவரை நிலைகள் உண்டு. உங்கள் கேப்சர் நிலை அதற்கு ஈடாக இல்லையென்றால் முயலவே முடியாது. முதல் நிலை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். திறக்கும் ஒவ்வொரு கதவும் புள்ளி, பணம், பொருள், குறுக்குவழி என்று திரும்பக் கொடுப்பதால் போட்ட முதலைச் சீக்கிரம் எடுத்துவிடலாம்.

2. கனமான பொருள்களைத் தூக்கும் கை. பல காற்றுக்குழாய்களின் வாயில் ஒரு பெரிய பெட்டியோ தானியங்கி விற்பனை இயந்திரமோ நிற்கும். அதை நகர்த்தினால் வழி. பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வேலி தாண்டலாம், கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தால் நகரும் மறைவாகவும் ஆகும்.

3. சோஷியல் என்ஹான்சர். உரையாடலில் எதிராளியின் மனநிலையைப் படிக்க உதவும். விலை இரண்டு பிராக்சிஸ். டெட்ராய்டில் சுற்றத் தொடங்கும் முன் கிடைத்தால் உத்தமம்.

4. ஹேக்கிங் ஸ்டெல்த், ஒரு நிலை. ஒவ்வொரு ஹேக்கிலும் பிடிபடும் வாய்ப்பைக் குறைக்கும்.

5. பைக்கான இடத்தைப் பெரிதாக்கும் மேம்பாடு, ஒரே ஒரு நிலை. பை கட்டம் கட்டமாக இருக்கும். மயக்க ஊசி ரைஃபிள் ஒன்றே நீளமாகப் படுத்துக்கொள்ளும்.

6. இக்காரஸ் லேண்டிங். இதுவும் இரண்டு பிராக்சிஸ். எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் அடிபடாது. இதை வாங்கியபின் ஹெங்ஷா நகரின் கூரைகள் எல்லாம் பாதைகள்தான்.

இதற்குப் பிறகு மனம்போலப் போடுங்கள். விஷவாயுவைத் தாங்கும் ரீபிரீதர், சுவருடைக்கும் கை, சத்தமில்லாமல் ஓடும் கால் எல்லாம் பயனுள்ளவை. சுவருக்கப்பால் பார்க்கும் ஸ்மார்ட் விஷன் பதுங்கி ஆடுவதை ரொம்பவே சுலபமாக்கிவிடும். அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் ருசி. கேமரா, டரட், ரோபோ மூன்றையும் கட்டுப்படுத்தும் திறன்கள் தனித்தனியாக விற்கப்படுகின்றன. மூன்றையும் வாங்கத் தேவையில்லை.

கூடுதல் பேட்டரிகளில் மட்டும் கைவைக்காதீர்கள். காரணம் அடுத்து.

எனர்ஜி: ஒரு கட்டம்தான் தானாக நிரம்பும்

திரையில் பேட்டரிக் கட்டங்கள் தெரியும். பழைய பதிப்பில் இவற்றில் கடைசியாக மிஞ்சும் ஒரு கட்டம்தான் நேரம் போனால் தானாக நிரம்பும். மற்றவற்றை நிரப்ப எனர்ஜி பார் சாப்பிட வேண்டும். ஒரு டேக்டவுனுக்கு ஒரு முழுக் கட்டம் போகும். ஐந்து பேட்டரி வாங்கி வைத்தாலும் நான்கு காலியாகவே தொங்கும் என்பது இதனால்தான். பிராக்சிஸ் போடுவதாக இருந்தால் நிரம்பும் வேகத்தைக் கூட்டும் மேம்பாட்டில் போடுங்கள்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? ஒருவனை மயக்கிவிட்டால் அடுத்தவனிடம் உடனே போக முடியாது. உடலை இழுத்து மறைத்துவிட்டு, மறைவில் உட்கார்ந்து கட்டம் நிரம்பக் காத்திருக்க வேண்டும். பல விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள், நியாயம்தான். கைமுட்டியால் குத்த எதற்குப் பேட்டரி என்று யாருக்கும் தோன்றும். ஆனாலும் அந்தக் காத்திருப்பில்தான் காவலர்களின் நடையை நீங்கள் உண்மையிலேயே கவனிக்கத் தொடங்குவீர்கள். எனர்ஜி பார்களைக் குறைந்தது நான்காவது எப்போதும் மிச்சம் வைத்திருங்கள். ஏன் என்று பாஸ் பகுதியில் தெரியும்.

ஒரு அறையை எப்படிக் கடப்பது

ஆலையோ அலுவலகமோ, முறை ஒன்றுதான். வாசலிலேயே மறைந்து நின்று ஒவ்வொரு காவலனும் ஒரு சுற்று முடிக்கும்வரை பாருங்கள். யார் எங்கே நின்று திரும்புகிறான், எந்த இடத்தில் இருவர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேமரா எந்தச் சுவரில், அதன் பார்வை எங்கே முடிகிறது என்று பாருங்கள். பிறகு தரையோரமாகவும் கூரையோரமாகவும் காற்றுக்குழாய் மூடியைத் தேடுங்கள். பெரும்பாலான அறைகளில் ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஒரு பெட்டிக்குப் பின்னால்.

மற்றவர்களின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் திரும்புகிறவனை முதலில் எடுங்கள். டேக்டவுன் பட்டனைத் தட்டினால் மயக்கம், அழுத்திப் பிடித்தால் கொலை. அவசரத்தில் விரல் ஒரு கணம் அதிகமாகத் தங்கி, கையிலிருந்து கத்தி நீளும்போது பதறுவது எல்லோருக்கும் நடப்பதுதான். டேக்டவுன் காட்சி ஓடும்போது உலகம் உறைந்து நிற்கும். காட்சி முடிந்ததும் நீங்கள் நிற்கும் இடம் சிறிது மாறியிருக்கும். அந்தப் புதிய இடம் கேமராவின் பார்வையில் விழுமா என்று முன்பே யோசியுங்கள்.

விழுந்தவனை அங்கேயே விடாதீர்கள். மயங்கியவனைச் சகா பார்த்தால் தட்டி எழுப்பிவிடுவான், பிறகு இருவருமாகத் தேட வருவார்கள். இழுத்துக்கொண்டுபோய் இருட்டு மூலையிலோ ஏற்கெனவே காலி செய்த அறையிலோ போட்டு, பையைத் துழாவுங்கள். கடவு எண் எழுதிய பாக்கெட் செக்ரட்டரி இப்படித்தான் பல நேரம் கிடைக்கும்.

பார்த்துவிட்டார்கள் என்றால் ஓடுங்கள், அதே மூலையில் உட்காராதீர்கள். கடைசியாக உங்களைப் பார்த்த இடத்தைத்தான் அவர்கள் முற்றுகையிடுவார்கள். காற்றுக்குழாய்க்குள் புகுந்து வேறு வாயில் வழியாக வெளியே வந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். எதிரிகளின் புத்தி இந்தக் கேமில் கூர்மை இல்லை. விமர்சகர்கள் சொன்ன குறைகளில் இதுவும் ஒன்று. உங்களுக்கு இது அனுகூலம்.

ரோபோவும் டரட்டும் இருந்தால், மின்கருவிகளை முடக்கும் இஎம்பி குண்டு ஒன்று போதும், செயலிழந்துவிடும். மைன் டெம்ப்ளேட்டோடு எந்தக் குண்டைச் சேர்த்தாலும் அந்த வகைக் கண்ணிவெடி ஆகும். மயக்கவாயுக் குண்டைச் சேர்த்துக் கதவோரம் ஒட்டிவிட்டு, வேண்டுமென்றே ஒரு சத்தம் போட்டால் மூவர் நால்வர் ஒரேயடியாக விழுவார்கள்.

ஹேக்கிங்

திரையில் ஒரு வலைப்பின்னல் வரும். ஒருமுனையில் உங்கள் நுழைவுப்புள்ளி, மறுமுனையில் பச்சைக் கோளமாக ரெஜிஸ்ட்ரி. நடுவில் எண் போட்ட முனைகள். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே பச்சையை அடைய வேண்டும். ஒவ்வொரு முனையிலும் பிடிபடும் வாய்ப்பு சதவீதமாகத் தெரியும். பிடிபட்டுவிட்டால் சிவப்புக் கோபுரத்திலிருந்து ஒரு தேடல் உங்கள் நுழைவுப்புள்ளியை நோக்கி ஓடத் தொடங்கும். அது வந்து சேரும் முன் நீங்கள் முடிக்க வேண்டும்.

முதல் முனையைத் தொடும்வரை எந்த அவசரமும் இல்லை. ஆகவே முதலில் வரைபடம் முழுவதையும் பாருங்கள். சில இணைப்புகள் ஒருவழிப் பாதை. அம்புக்குறியைக் கவனிக்காமல் போய் முட்டுச்சந்தில் நிற்பதுதான் சாதாரணமாக நடக்கும் தவறு. சதவீதம் குறைந்த பாதையைத் தேர்ந்தெடுங்கள். வழியில் டேட்டாஸ்டோர் இருந்தால் அதையும் பிடியுங்கள். பணமோ புள்ளியோ மென்பொருளோ கிடைக்கும். தேடல் ஓடத் தொடங்கிவிட்டால் அது வரும் வழியில் நீங்கள் ஏற்கெனவே பிடித்த முனைகளை ஃபோர்ட்டிஃபை செய்து பலப்படுத்துங்கள், அங்கே வந்ததும் அது தயங்கும்.

நியூக், ஸ்டாப் என்று இரண்டு மென்பொருள்கள் சேரும். நியூக் போட்டால் ஒரு முனை சத்தமில்லாமல் உடனே உங்களுடையதாகும். ஸ்டாப் போட்டால் தேடல் சில விநாடி நின்றுவிடும். இரண்டையும் பத்திரப்படுத்தி வைத்துக் கடைசியில் வீணாக்குகிறார்கள் பலர். மூன்றாம் நிலைக்கு மேற்பட்ட பூட்டுகளில் தயங்காமல் செலவழியுங்கள். கைவந்தபின் பச்சைக்குப் பதிலாகச் சிவப்புக் கோபுரத்தையே பிடிக்கப் பாருங்கள். அப்படி முடித்தால் எல்லா டேட்டாஸ்டோர்களும் சேர்ந்து கிடைக்கும்.

தோற்றுவிட்டால் கருவி கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும், அலாரமும் அடிக்கலாம். தேடல் நெருங்கிவிட்டது, முடியாது என்று தெரிந்தால் டிஸ்கனெக்ட் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, ஹேக்கிங் திரை ஓடும்போது உலகம் நிற்பதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் உங்களை நோக்கி ஒருவன் நடந்து வந்துகொண்டிருக்கலாம்.

பேச்சும் ஓர் ஆயுதம்

டெட்ராய்டில் ஒரு பிணத்தின் தலையில் இருக்கும் கருவியை எடுக்கக் காவல் நிலையத்தின் பிணவறைக்குள் போக வேண்டும். இந்தக் கேம் ஏன் கொண்டாடப்பட்டது என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இங்கே பாருங்கள். அடியில் சாக்கடை வழி, பின்சந்து வழி, எல்லோரையும் சுட்டுத்தள்ளும் வழி, முன்வாசலில் உட்கார்ந்திருக்கும் வேய்ன் ஹாஸிடம் பேசும் வழி என்று பல உண்டு. ஹாஸ் ஜென்சனின் பழைய சகா. இருவரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பழைய சம்பவத்தின் காயம் அவரிடம் ஆறவில்லை. அவரைச் சம்மதிக்க வைத்தால் நிலையத்துக்குள் வெளிப்படையாக நடமாடலாம், கண் மறைவில் இருக்கும் கணினிகளை ஆற அமர ஹேக் செய்யலாம். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதைப் பின்னால் அவரே உங்களைத் தேடி வந்து சொல்வார்.

இத்தகைய உரையாடல்களில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். எதிராளி ஆத்திரப்படுகிறாரா, குழைகிறாரா, முகத்தைத் திருப்புகிறாரா என்று பாருங்கள். சோஷியல் என்ஹான்சர் இருந்தால் ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்று மூன்று விளக்குகள் தெரியும். பேச்சின் போக்கில் எது அதிகமாக மின்னுகிறதோ அதை எண்ணிக்கொண்டு, வாய்ப்பு வரும்போது அதையே அழுத்துங்கள்.

பாஸ்கள்

பாஸ் சண்டைகளை முதன்மை ஸ்டூடியோ தானே செய்யவில்லை. கிரிப் எண்டர்டெயின்மெண்ட் என்ற வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துச் செய்ய வைத்தது. பதுங்குபவருக்கும் பேசுபவருக்கும் அங்கே இடமில்லாமல் போனதைத்தான் விமர்சகர்கள் திட்டினார்கள். டைரக்டர்ஸ் கட்டில் வழிகள் கூடியிருந்தாலும் அவர்களை உயிரோடு விட்டுப் போக முடியாது.

எல்லா பாஸுக்கும் பொதுவான மருந்து டைஃபூன். ஜென்சனின் உடலிலிருந்து சுற்றிலும் வெடிக்கும் மேம்பாடு அது. முதல் பாஸுக்கு முன்பே வாங்கிவிட்டால் கூடப் பரவாயில்லை; பதுங்கி ஆடும்போது பயனற்றது என்று தோன்றினாலும் காசுக்குக் கேடில்லை. பாஸை ஸ்டன் கன் எனும் மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் சுட்டால் ஒரு கணம் ஸ்தம்பிப்பார். அப்போது நெருங்கி டைஃபூனைப் போடுங்கள். மறுபடி ஸ்டன் கன், மறுபடி டைஃபூன். எனர்ஜி பார் சேர்த்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

முதலாமவர் பேரட், கையே சுழல் துப்பாக்கி. ஹைலண்ட் பார்க்கில் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமாவின் கட்டடத்தில் வருவார். அறையில் கிடக்கும் வெடிக்கும் பீப்பாய்களைத் தூக்கி அவர்மேல் எறியுங்கள். தூணுக்குத் தூண் மாறிக்கொண்டே இருங்கள், ஒரே மறைவில் தங்கினால் கையெறி குண்டு வரும். இஎம்பி குண்டும் அவரை நிறுத்தும். மாண்ட்ரியலில் வரும் ஃபெடரோவா கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து ஓடிவந்து தாக்குவார். சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள், அவர் வரும் திசைகள் குறையும். அந்த அறையில் தரையில் மின்சாரம் பாயும்; டெர்மல் ஆர்மர் எனும் தோல் கவசத்தின் இஎம்பி பாதுகாப்பு நிலை இருந்தால் அது உங்களை ஒன்றும் செய்யாது. மூன்றாமவர் நமிர், சுவர்களைத் தாண்டித் தாண்டி வருவார். ஸ்டன் கன்னும் டைஃபூனும் இவருக்கும் செல்லும்.

கதை முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். கேமின் பிற்பாதியில் திரை கலங்கும், மேம்பாடுகள் தடுமாறும், எல்லோரும் லிம்புக்குப் போய்ப் புதிய சிப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். போடாதீர்கள். போட்டால் நமிர் சண்டையில் உங்கள் மேம்பாடுகள் அனைத்தும் அணைக்கப்படும். அதே காலகட்டத்தில் ஹெங்ஷாவுக்கு இரண்டாம் முறை போகும்போது விமானி மாலிக்கின் விமானம் சுட்டு வீழ்த்தப்படும். அவர் ஓடிவிடு என்றுதான் சொல்வார். நின்று வேகமாகச் சண்டையிட்டால் காப்பாற்றலாம். அங்கே வரும் ரோபோவுக்கு இஎம்பி குண்டுகள் கைவசம் இருக்கட்டும்.

டைரக்டர்ஸ் கட்டில் மிஸ்ஸிங் லிங்க் பகுதி தொடங்கும்போது உங்கள் திறன்கள் எல்லாம் பறிபோயிருக்கும். சேவ் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், கதையே அப்படித்தான்.

பேட்ஜுகள்

யாரையும் கொல்லாமல் முடித்தால் பேசிஃபிஸ்ட், அலாரமே அடிக்காமல் முடித்தால் ஃபாக்ஸியஸ்ட் ஆஃப் த ஹவுண்ட்ஸ். முதல் ஆட்டத்தில் இவற்றைத் துரத்தாதீர்கள் என்பதே எங்கள் ஆலோசனை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லோட் செய்துகொண்டே இருப்பீர்கள். துரத்துவதானால் இரண்டு விஷயம். பாஸ்களின் சாவு பேசிஃபிஸ்ட் கணக்கில் வராது. நீங்கள் மயக்கிப் போட்ட ஆள் அருகில் வெடித்த குண்டில் செத்தால் வரும். காவலன் உங்களைப் பார்த்துக் கத்துவது அலாரம் ஆகாது; அவனோ கேமராவோ தோற்றுப்போன ஹேக்கோ சைரனை ஒலிக்க வைத்தால்தான் அலாரம்.

முடிவும் அதற்குப் பிறகும்

கடைசி அறையில் நுழையும் முன் தனி சேவ் ஒன்று வையுங்கள். நான்கு முடிவுகள், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அவ்வளவு நேரம் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் இதுதானா மரியாதை என்று விமர்சகர்கள் கேட்டார்கள்; முகபாவமும் உதட்டசைவும் மரக்கட்டை போல இருப்பதையும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. மைக்கேல் மெக்கானின் இசையையும் நகரங்களின் நெருக்கத்தையும் பற்றி அவர்கள் பாராட்டிச் சொன்னதும் உண்மை. அந்த ஒரு சேவிலிருந்து, உங்களுக்குத் திறந்திருக்கும் முடிவுகளையெல்லாம் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம்.

கதை 2029இல் பிராகில் தொடர்கிறது: 2016இல் வந்த 'மேன்கைண்ட் டிவைடட்'. அதன் கதை சட்டென்று அறுந்துபோகிறது என்ற குறை உண்டு. ஆனால் பாஸ் ஒருவர்தான், அவரையும் கொல்லாமல் முடிக்கலாம்.